இரண்டாம் தடவை எழுதும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

சித்தி வீட்டு மேல் அறை வெக்கையாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். மேசை மின்விசிறி ஒன்று வாங்கிவிட்டேன். இங்கே சிறுபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறைப்படி வருகிறது.

உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதுவதால் ஒரு வருடம் வீணாகிறதே என்று போனில் அழுதாய். ஒரு வருடம் எங்கே இருக்கிறது, பிள்ளை? பெறுபேறு வந்தது 2025 ஏப்ரல் 26. பரீட்சை தொடங்குவது நவம்பர் 10. கலண்டரில் எண்ணிப் பார்த்தேன், 198 நாள். அதில் முதல் மூன்று கிழமை நீ கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். அதை நான் கணக்கில் பிடிக்கவில்லை.

புள்ளி ஏன் குறைந்தது என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் வெள்ளத்தைத்தான் சொல்கிறேன். 2024 நவம்பரில் பரீட்சை தொடங்கி இரண்டு நாளில் புயல் மழையால் நிறுத்தினார்கள். டிசம்பர் 4 வரை நீ புத்தகத்தைப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பொய்யில்லை. ஆனால் உனக்கு அந்தக் காரணத்தைச் சொல்ல மாட்டேன்.

எலி கடிக்கிறது என்று உன் மேசைக்குக் கீழிருந்த பெட்டியை எடுத்தேன். உள்ளே நீ வீட்டில் செய்து பார்த்த இரசாயனவியல் கடந்தகால வினாத்தாள்களின் விடைகள், பதினொரு கட்டு. நான் சாதாரண தரத்தோடு நின்றவன், சமன்பாடு எனக்கு விளங்காது. ஆனாலும் புரட்டினேன். முதல் பக்கங்களில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. தலைப்புக்கெல்லாம் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு. நான்கு கட்டுரை எழுத வேண்டிய இடத்தில், மூன்றாவதில் எழுத்து சரியத் தொடங்குகிறது. நான்காவது எட்டுக் கட்டுகளில் இல்லவே இல்லை. ஒன்றில் கேள்வி இலக்கத்தை மட்டும் எழுதி, அதன் கீழும் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டு நின்றிருக்கிறாய்!

மருத்துவபீடத்துக்குப் போன வருட வெட்டுப்புள்ளியோடு, அதாவது இடம் கிடைக்க வேண்டிய ஆகக்குறைந்த இசட் புள்ளியோடு, பார்த்தால் உனக்குக் குறைவது 0.06. இசட் புள்ளி மூன்று பாடங்களின் சராசரி என்பதால், இரசாயனவியலில் மட்டும் 0.18 கூடினாலே நிரம்பிவிடும் என்று தம்பி கொப்பியில் போட்டுக் காட்டினான். அந்த 0.18 நீ எழுதாமல் விட்ட நான்காவது கட்டுரையில் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

அப்படியிருக்க, இன்னும் இரண்டு ரியூஷன் வகுப்புக்குப் பணம் கேட்கிறாய். நெல் விற்ற காசு இருக்கிறது, அது பிரச்சினையில்லை. நேரம் எங்கிருந்து வரும்? புதிய ஆசிரியரிடம் முதல் அலகிலிருந்து கேட்பது சுகமாகத்தான் இருக்கும். தெரிந்ததைத் திரும்பக் கேட்பது யாருக்கும் சுகம்தான். ஒன்றுக்குப் போ. சனிக்கிழமை காலையில் மூன்று மணித்தியாலம் ஒரே இருப்பில் ஒரு வினாத்தாள் எழுது. அடிமட்டத்தைச் சித்தியிடம் கொடுத்துவிடு.

இன்னொன்று. இம்முறை விண்ணப்பத்தில் மருத்துவபீடங்களை மட்டும் போட்டுவிட்டு மற்றவற்றை வெறுமையாக விட்டாய். எனக்குச் சொல்லவும் இல்லை. 0.06ஐவிட அதுதான் என்னை வருத்தியது. அடுத்த முறை பேராதனையில் கால்நடை மருத்துவம், கைதடியில் சித்த மருத்துவம், நம் அறிவியல் நகரில் விவசாயம் எல்லாவற்றையும் வரிசையாகப் போடு. விவசாயபீடம் அம்மாவின் ஆசை. சைக்கிளில் போய்விட்டு மத்தியானம் வீட்டில் வந்து சாப்பிடலாமாம்.

மூன்றாம் தடவையும் எழுதலாம்தானே என்பாய். எழுதலாம். நவம்பர் முடியும்வரை அதைப்பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி பஸ்ஸில் பெட்டி வரும், சித்தப்பாவை நிலையத்துக்கு அனுப்பு. மின்விசிறியோடு என் மேசை மணிக்கூட்டையும் வைத்திருக்கிறேன். அது நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி ஓடும். வேண்டுமென்றேதான் திருத்தக் கொடுக்கவில்லை.

அன்புடன்,
அப்பா