பாலம் போட்ட ஒரு தமிழ் எழுத்துரு வேண்டும்: எழுத்துரு வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளர்களுக்கும், எழுத்துருப் பணிக்குப் பணமும் இடமும் கொடுத்து உதவும் அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள், தன்னார்வ அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிறிய மரப்பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டுப் பெயர்ப்பலகை, பூஜை அலமாரிக்கு ஜாலிக் கதவு, ஊஞ்சல் பலகைக்கு ஓர வேலைப்பாடு இவைதான் என் பிழைப்பு. எல்லாம் ஸ்க்ரோல் சா இயந்திரத்தில் அறுப்பவை; மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி வளைவுகளை அறுக்கும் இயந்திரம் அது. எழுத்துருவின் நுட்பங்களை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் வரைந்த எழுத்து என் மேசையில் மரமாகும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்லி, எழுத்தின் நடுத்துண்டு விழாமல் பிடிக்கும் பாலம் போட்ட ஓர் எழுத்துரு கேட்க வந்தேன்.

கடந்த ஆவணியில் ஒரு தம்பி புதுமனை புகுவிழாவுக்குப் பெயர்ப்பலகை கேட்டு வந்தார். வீட்டின் பெயர் 'அன்பகம்'. அவருடைய அம்மா வைத்த பெயர். எழுத்தைத் தனியாக அறுத்து ஒட்ட வேண்டாம், பலகையிலேயே எழுத்து துளையாக இருக்கட்டும், பின்னால் விளக்கு வைத்தால் மாலையில் பெயர் ஒளிர வேண்டும் என்றார். நல்ல தேக்கு, 12 மி.மீ. கனம், இரண்டரை அடி நீளம். எனக்கும் ஆசையாக இருந்தது.

கணினியில் பெயரைத் தட்டி, அளவுக்குப் பெரிதாக்கி, அச்சிட்டுப் பலகையில் ஒட்டினேன். ஒவ்வொரு எழுத்திலும் டிரில்லால் துளை போட்டு, பிளேடை அதன் வழியே விட்டு அறுக்க ஆரம்பித்தேன். முதல் எழுத்து அ. வெளிக்கோடு முடிந்ததும் சுழியின் நடுவே இருந்த மரம் டக்கென்று மேசையில் விழுந்தது. ன-வின் சுழியும் விழுந்தது. ப மட்டும் பிழைத்தது, அதில் மூடிய இடம் கிடையாது. க-வின் வயிறு விழுந்தது, ம-வின் வயிறும் விழுந்தது. ஐந்து எழுத்தில் நான்கு, எழுத்து மாதிரியே இல்லை. வெறும் ஓட்டைகள்.

விழும் என்று எனக்குத் தெரியாமலில்லை. இந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம். விழுந்த துண்டுகளைப் பால் நிற அக்ரிலிக் தகட்டில் பசை போட்டு, கண் அளவுக்கு அதனதன் இடத்தில் உட்கார வைப்பதுதான் வழி என்று துணிந்து அறுத்தேன். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து ஒட்டினேன். விளக்குப் போட்டுப் பார்த்தால், பசை பரவிய இடமெல்லாம் கறுப்பு நிழல். க-வின் வயிறு ஒரு நூல் சாய்ந்து நின்றது. விடிந்தால் விழா. வேறு வழியில்லாமல் கொண்டுபோய் மாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தம்பி போனில் கூப்பிட்டார். "அண்ணே, க-வோட வயித்தைக் காணோம்" என்றார். மேற்குப் பார்த்த வாசல். வெயிலில் அக்ரிலிக் விரிந்து, மரம் அப்படியே நின்று, பசை விட்டிருக்கிறது. துண்டு எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை. அவருடைய அம்மா யாரையும் ஒரு சொல் சொல்லவில்லையாம். தினமும் மாலையில் அந்த விளக்கை மட்டும் போடாமல் விட்டுவிடுகிறாராம். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் இந்த மடலை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இது தீர்க்க முடியாத சிக்கல் என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். ஆங்கிலத்துக்கு எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஓ, ஏ, பி, டி என்று வயிறுள்ள எழுத்தெல்லாம் அங்கேயும் உண்டு. நடுத்துண்டு விழாமல் இருக்க, வெளி மரத்தோடு அதைக் கட்டிப் பிடிக்கும் சின்னப் பட்டை ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அதைப் பாலம் என்போம். இப்படிப் பாலம் போட்ட 'ஸ்டென்சில்' என்ற அச்செழுத்தை 1937-லேயே அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் அடுத்தடுத்த மாதங்களில் வெளியிட்டன. இன்றைக்கு ஸ்டார்டோஸ் ஸ்டென்சில், அலர்ட்டா ஸ்டென்சில், சைரா ஸ்டென்சில் என்று காசு கொடுக்காமலே வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்க்ரோல் சாவுக்கென்றே இலவச பேட்டர்ன்களும் (மரத்தில் ஒட்டி அறுக்கும் வரைபடங்களும்) ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கின்றன. மான், கழுகு, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரம், சமையலறைக்கு ஒரு வாசகம், வாசலுக்கு ஒரு 'வெல்கம்'. நான் அவற்றைப் பார்த்துத்தான் தொழில் கற்றேன், அந்த நன்றி எனக்கு உண்டு. ஒவ்வொரு துளையையும் எதுவும் கழன்று விழாதபடி யோசித்து வரைந்திருப்பார்கள். தமிழுக்கு வந்தால் யாரோ படமாகப் போட்டுவைத்த மங்கலான எழுத்துகள்தான் எனக்குக் கிடைக்கின்றன. பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைகிறது. நான் பார்த்த எதிலும் பாலம் இல்லை.

அதனால் கேட்கிறேன். பாலம் போட்ட ஒரு தமிழ் எழுத்துருவை, இலவசமாக, திறந்த உரிமத்தில் தாருங்கள். ஒன்று போதும். யாராவது ஏற்கெனவே செய்து வைத்திருந்தால், என்னைப் போன்ற பட்டறைக்காரன் தேடி எடுக்கக்கூடிய இடத்தில் அதை வையுங்கள்.

தமிழ் எழுத்தில் பாலம் போட்டால் அழகு கெடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் அரிசி மண்டியில், சாக்கின் மேல் தகரத் தகட்டை வைத்து மையைத் தடவுவார்கள். தகட்டை எடுத்தால் மண்டியின் பெயர் தமிழில் பளிச்சென்று நிற்கும். அந்தத் தகட்டை வெட்டியவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. ம-வின் வயிற்றுக்கு இடப்பக்கம் ஒரு பாலம், ழ-வுக்கு இரண்டு பாலம் என்று கையாலேயே கணக்குப் போட்டு வெட்டியிருந்தார். யாருக்கும் படிக்கச் சிரமம் இருந்ததில்லை, எனக்கு அது அழகாகவும் இருந்தது. இன்று அந்தத் தகடும் இல்லை, வெட்டியவரும் இல்லை. அவர் கைக்குத் தெரிந்ததை ஒரு கோப்பாகச் சேமித்து வைக்க நம்மிடம் எல்லா வசதியும் இருந்தும் அப்படி ஒரு கோப்பு என் கண்ணில் படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேலையின் அளவைப் பார்த்தும் தயங்க வேண்டாம். 247 எழுத்து என்று எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். கால், கொம்பு, இணைக்கொம்பு எல்லாம் தனித்தனி உருவங்கள், ஒருமுறை வரைந்தால் எல்லா எழுத்துக்கும் வரும். உயிர் 12, ஆய்தம், அகர மெய் 18, அப்புறம் கி, கீ, கு, கூ வரிசைகளில் 72. சில்லறைக் குறிகளையும் சேர்த்தால் நூற்றுச் சொச்சம் உருவங்கள்தான். அவற்றிலும் ட, ப, ர மாதிரி மூடிய இடமே இல்லாதவை உண்டு. என் மகள் போன மாதம் பள்ளி விடுமுறையில் 'இல்லம்' என்ற ஒரு சொல்லுக்குக் கணினியில் கோடுகளை உடைத்துப் பாலம் போட்டுக் கொடுத்தாள். நான்கு எழுத்துக்கு இரண்டு சாயங்காலம். பத்தாவது படிக்கும் பெண்ணால் அவ்வளவு முடிகிறது. இதையே தொழிலாகக் கொண்ட உங்களுக்கு எவ்வளவு நாள் பிடிக்கும்?

புதிதாக வரையவும் வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் போன்ற தமிழ் எழுத்துருக்கள் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை. மாற்றி அமைக்கவும் மாற்றியதைப் பகிரவும் அந்த உரிமம் இடம் கொடுக்கிறது. அதையே கேட்கக் காரணம் இருக்கிறது. பல இலவச எழுத்துருக்களின் கீழே 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். நான் செய்யும் பலகை விற்பனைக்குப் போகிறது. அந்த ஒரு வரி இருந்தால் அந்த எழுத்துரு எனக்கு இல்லாத மாதிரிதான். இந்த உரிமத்தில் அந்தப் பயம் கிடையாது.

செய்ய முன்வருபவருக்கு, அறுக்கிறவனாக நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பாலத்தைப் படுக்கை வசமாகப் போடுங்கள். பெயர்ப்பலகையில் மரத்தின் ரேகை இடமிருந்து வலமாக ஓடும். பாலமும் அதே திசையில் போனால் நார் அறுபடாமல் நீளமாக இருக்கும், தாங்கும். மேலும் கீழுமாகப் போட்டால் நார் குறுக்கே துண்டாகிவிடும், உப்புத்தாள் போடும்போதே மளுக்கென்று முறியும். ஆங்கில ஸ்டென்சில் எழுத்துகளில் ஓ-வுக்கு மேலும் கீழும் பாலம் இருப்பதைப் பார்த்து அப்படியே நமக்கும் வைத்துவிடாதீர்கள். தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் அது சரி, தேக்குப் பலகைக்கு ஆகாது. பாலத்தின் அகலத்தையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். மூன்று அங்குல உயர எழுத்தில் 4 மி.மீ. இருந்தால் பயமில்லாமல் அறுக்கலாம். ண-வின் சுழிகளைக் கொஞ்சம் திறந்து வரைந்தால் பிளேடு திரும்ப இடம் கிடைக்கும்.

எழுத்தையே தனியாக அறுத்து நிறுத்தும் வேலையில் புள்ளி தனியாகக் கழன்று போவது இன்னொரு தொல்லை. ஈ-க்கு இரண்டு, ஃ-க்கு மூன்று. அதை இப்போது கேட்கவில்லை. முதலில் துளை எழுத்து வரட்டும்.

தமிழ் எழுத்து கருவிக்கு இடம் கொடுத்தே வளர்ந்திருக்கிறது. ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படிக்கிறவர் புரிந்து படித்தார். 1978-ல் அரசாணை போட்டு ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் உருவத்தையே மாற்றினோம். அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது எவ்வளவு வசதி என்பதும் அதற்கு ஒரு காரணம். நான் எழுத்தை மாற்றச் சொல்லவில்லை. ஒரு கருவிக்கு ஏற்ற ஓர் எழுத்துருவைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி, இருக்கத்தான் வேண்டும். ஆனால் விதி போட்டவர்கள் பலகை செய்கிறவன் கையில் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது வந்து பார்த்தார்களா? என்னிடம் 'வெல்கம்' கேட்டு வருகிறவருக்கு அரை மணி நேரத்தில் அறுத்துக் கொடுத்துவிடுவேன். 'நல்வரவு' கேட்கிறவரிடம் இரண்டு நாள் அவகாசமும் கூடுதல் காசும் கேட்கிறேன். பாதிப் பேர் "சரி, வெல்கமே போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழ் வேண்டாம் என்றா சொல்கிறார்கள்? தமிழுக்கு விலை கூடுகிறது, அதனால் விட்டுவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே என் கையால் அறுத்த 'வெல்கம்' ஏழு தொங்குகின்றன. ஒவ்வொரு முறை கடந்து போகும்போதும் எனக்கு உறுத்துகிறது. மாநாட்டுக்கும் விழாவுக்கும் செலவிடுவதில் ஒரு துளி போதும், இந்த வேலை முடிந்துவிடும்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திரையில் தமிழ் தெளிவாகத் தெரிவதற்கு உங்களில் பலர் சம்பளமே இல்லாமல் வருடக்கணக்கில் உழைத்திருக்கிறீர்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் நான் 'அன்பகம்' என்று தட்டியே இருக்க முடியாது. அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன். பாலம் போட்ட ஒரு தமிழ் எழுத்துருவை இலவசமாக, திறந்த உரிமத்தில் செய்து தாருங்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வரைந்து அனுப்பும் ஒவ்வொரு எழுத்தையும் தேக்கு, வேம்பு, 6 மி.மீ. பிளைவுட் மூன்றிலும் என் செலவில் அறுத்துப் பார்த்து, எந்தப் பாலம் நிற்கிறது, எது முறிகிறது என்று படத்தோடு எழுதி அனுப்புகிறேன். அரைகுறையாக இருந்தாலும் அனுப்புங்கள்.

முடிந்தால் முதலில் க-வை அனுப்புங்கள். அந்தத் தம்பியின் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அதே அளவில் புதுத் தேக்கு ஒன்றை இழைத்துப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மரப்பட்டறைக்காரன் ஒருவன்,
கும்பகோணம் அருகே.