இராமேஸ்வரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

மீனவர் குடியிருப்புகளின் வடிகால், குடிநீர்ப் பணிக்குத் திட்ட அலுவலராக வந்திருக்கிறாய். மகிழ்ச்சி. இந்தக் கரையில் பல ஆண்டுகள் தொண்டு நிறுவனக் களப்பணியில் இருந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கணக்கெடுப்புக்கு உன்னோடு ஒரு உள்ளூர்ப் பெண் வருவாள். எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கும், எந்தக் குழாயில் உப்புக் கரிக்கும், கடன்காரர் எந்த வீட்டு வாசலில் நிற்பார், எல்லாம் அவளுக்குத் தெரியும். உனக்குச் சம்பளம், வைப்பு நிதி, பயணப்படி. அவளுக்கு மதிப்பூதியம் மட்டும். நகராட்சி அலுவலகத்தில் நீ நாற்காலியில் அமர்ந்து பேசுவாய், அவள் கதவோரம் நிற்பாள். அவளை யாரும் நிற்கச் சொல்வதில்லை, உட்காரச் சொல்வதும் இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ஏழைகளுக்காக உழைக்கும் நிறுவனத்துக்குள்ளேயே படிப்பும் ஆங்கிலமும் மேல், கீழ் வகுத்துவிடுகின்றன.

கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைப்பார்கள். பெண்கள் வராவிட்டால் ஆர்வமில்லை என்று அறிக்கையில் எழுதுவார்கள். கடற்பாசி எடுக்கும் பெண்கள் அந்நேரம் கடலில் இருப்பார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா வந்தபின், வனத்துறையோடு வாதாடித் தொழிலைக் காத்தவர்கள் அவர்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தாங்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். இவர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு வேண்டாம். நகரத் திட்டத்தில் இவர்கள் சொல் ஏற வேண்டும்.

சட்டமும் நிலைமையை இறுக்கியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெரிய நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியைக் கரையோரச் சிறு அமைப்புக்குப் பகிர்ந்து தர முடியாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. கணக்காளரும் தணிக்கையாளரும் உள்ள நகரத்து நிறுவனமே தாக்குப்பிடிக்கும். ஊர்ப் பெண்கள் தொடங்கிய சங்கத்துக்கு அந்த வசதி ஏது?

ஆனாலும் உன் கையில் இருப்பவை உண்டு. நிதிக் கோரிக்கை எழுதும்போது களப்பணியாளருக்கு மாதச் சம்பளம் என்று எழுது. கூட்ட நேரத்தை அந்தப் பெண்களிடம் கேட்டு முடிவு செய். தமிழக அரசின் 2022 விதிகளின்படி நகராட்சிகளிலும் பகுதி சபை உண்டு; ஊரில் கிராம சபை போல, அந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைப் பேசும் கூட்டம் அது. அங்கே நீ பேசாதே, அவள் பேசட்டும். தலைமை அலுவலகம் மறுத்தால் எனக்கு எழுது; நானும் வந்து கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா