நாகம்மாள் கதையைப் படித்துவிட்டாயா, கண்ணு?

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. கூரியரில் அனுப்பிய புத்தகம் வந்ததா? வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

படி. சின்னப் புத்தகம்தான். 1942-இல் வந்த 'நாகம்மாள்'. எழுதிய ஆர். சண்முகசுந்தரம் நம் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். வாய்விட்டுப் படித்தால் உன் அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும்.

கதையில் அண்ணன் செத்துப்போகிறான். அவன் பெண்டாட்டி நாகம்மாள், மகளோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். பண்ணையம் முழுக்க அவன் கையில். என் பங்கைப் பிரித்துக் கொடு என்கிறாள். கெட்டியப்பன் என்கிறவன் நடுவில் புகுந்து ஏற்றிவிடுகிறான். கடைசியில் சின்னப்பன் உயிரே போய்விடுகிறது. கூடப் பிறந்தவன் குடும்பத்தோடு பகை முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார். நீ கட்டாயம் படி.

ஆடிப் பதினெட்டுக்கு நீ வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. லீவு கிடைத்திருக்காது, சரி. நம் வீட்டில் முதலில் விமானம் ஏறியவன் நீ, எனக்கு அந்தப் பெருமை என்றைக்கும் உண்டு. ஆனால் மாட்டுப் பொங்கலன்று உனக்கும் ஓர் இலை போடச் சொன்னான் அண்ணன். யாரும் உட்காராமல் அந்த இலை அப்படியே கிடந்தது. அவனுக்கு ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகும்?

புத்தகத்தைப் படி கண்ணு. கெட்டியப்பன் மாதிரி ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறான், அவன் பேச்சைக் கேட்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்று தொண்டையை அடைக்கிறது.

முதல் தடவை படித்தபோது சின்னப்பனுக்காக அழுதேன். இந்தத் தடவை உன் பெரியம்மா முகம்தான் வந்து நின்றது. பெரியப்பா போன மறு வருடம் அவள் பங்கு கேட்டாள். யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன். அவளை யாரும் தூண்டவில்லை. மகளைக் கரையேற்ற வேண்டுமே என்று கேட்டாள். கிணற்றோடு மேல்தோட்டத்தை நான் வைத்துக்கொண்டு மேட்டாங்காட்டை அவளுக்கு எழுதினேன். ஏக்கர் கணக்கில் சரிபாதி. தண்ணீரில்லாத பாதி. மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் கொழுக்கட்டைப் புல்தான். கைநாட்டு வைக்கும்போது அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த மேல்தோட்டத்துக்காகத்தான் இன்றைக்கு நீயும் அண்ணனும் பேசாமல் இருக்கிறீர்கள்.

கிணற்றில் பெரியம்மாவுக்கும் முறைத் தண்ணீர் உண்டு. அவள் இருக்கும்போதே அதைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு உங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அண்ணனிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. நீயும் வந்தால் சேர்த்து உட்காரவைத்துச் சொல்கிறேன்.

எப்போது வருகிறாய் என்று சொல். என் போனில் சார்ஜ் நிற்பதில்லை, அண்ணன் போனுக்கே கூப்பிடு.

அப்பா