அடைகாப்பானின் கட்டுப்படுத்திக்கு எந்தப் பெட்டி?

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் சிவநேசனுக்கு,

உமது கடிதமும் படங்களும் கிடைத்தன. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்றும், உமது முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்றும் அறிந்து இருவரும் மகிழ்ந்தோம். இங்கே எல்லோரும் நலம். சோளகம் எழும்பிவிட்டதால் வீடெங்கும் செம்மண் புழுதி. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

கோழி முட்டை பொரிக்கும் அடைகாப்பானுக்கென்று நீர் செய்த வெப்பக் கட்டுப்படுத்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈயப்பற்றுகள் எல்லாம் பளபளவென்று சீராக இருக்கின்றன. கை இன்னும் நடுங்கவில்லை என்று தெரிகிறது. அடைகாப்பான் 37.5 பாகையில் நிலையாக நிற்பதும் நல்ல செய்தி. ஆனால் கட்டுப்படுத்தியின் மின்சுற்றுப் பலகையை ஓர் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்து, அதை அடைகாப்பானின் தலைமேல் ஏற்றிவிட்டு, "பெட்டிதானே, எதுவும் போதும்" என்று எழுதியிருக்கிறீரே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. முட்டைகளுக்குச் சூடு தரும் மின்குமிழை ஏற்றி அணைக்கும் றிலேயின் முனைகளில் 230 வோல்ற் நிற்கிறது. நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டில், இழுத்தால் கழரும் மூடி மூடியே அல்ல. திருப்புளி இல்லாமல் திறக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பதே பெட்டிக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை. அதோடு, அந்த டப்பாக்கள் பெரும்பாலும் பொலிபுறொப்பிலீனால் ஆனவை. அதில் பசை பிடிக்காது, திருகாணி கௌவாது, சூடு பட்டால் நெளியும், தீப்பட்டால் உருகிச் சொட்டி எரியும்.

தகரப் பெட்டியைப் பற்றியும் கேட்டிருந்தீர். 1990களில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோமே, அப்போது எல்லாவற்றுக்கும் பிஸ்கற் பேணிதான் வீடு. அந்தச் சில வோல்ற்றுக்குத் தகரம் ஆபத்தில்லை. இப்போது ஒரு கம்பி கழன்று உட்புறத்தில் தொட்டால் பெட்டி முழுவதும் உயிர்க்கம்பியாகிவிடும். உலோகப் பெட்டிதான் வேண்டுமென்றால், பூச்சைச் சுரண்டி வெறும் உலோகத்தில் ஓர் ஆணியை முறுக்கி, பற்கள் உள்ள வோஷரோடு புவித்தொடுப்புக் கம்பியைக் கட்டி, மூன்று முனைப் பிளக்கில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தச் சுவர்ப் பிளக்கில் புவித்தொடுப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். பழைய வீடுகளில் இது நிச்சயமில்லை. மன்னாரின் உப்புக் காற்றில் தகரம் துருப்பிடிப்பதும் சேர்ந்தால், உமக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். உமது தச்சர் செய்து தருவதாகச் சொன்ன மரப் பெட்டி பார்வைக்கு அழகாக இருக்கும். ஆயினும் அடைகாப்பானின் ஈரம் ஏறினால் மரம் உப்பும், சூடேறிய இணைப்பு ஒன்று தீப்பிடித்தால் மரமும் சேர்ந்து எரியும்.

ஆகவே மின்பொருட் கடையில் வெளிப்புறச் சுவர்களுக்கென்று விற்கும் சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் சந்திப் பெட்டியை வாங்கும்படி சொல்கிறேன். நான்கு மூலையிலும் திருகாணி, மூடியைச் சுற்றி றப்பர் விளிம்பு, வெளியே ஐபி65 என்ற அடையாளம்: இதில் 6 என்பது புழுதி உட்புகாது என்பதையும், 5 என்பது குழாயால் அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். 150 × 110 × 70 மி.மீ. அளவுள்ளது உமது பலகைக்குப் போதும் என நினைக்கிறேன். மூடி மட்டும் தெளிவான பொலிகாபனேற்றால் ஆன வகை கிடைத்தால் அதையே எடும். சற்று விலை கூடினாலும், வெப்பநிலை காட்டும் திரைக்கு ஜன்னல் வெட்டும் வேலை முழுவதும் இல்லாமற் போகிறது. வெப்பநிலையை மாற்றும் பொத்தான்களையும் உள்ளேயே விடும். கோழி முட்டைக்கு 37.5 என்று வைத்துவிட்டால் அதை நாளும் பொழுதும் மாற்றும் தேவை இல்லை. வெளியே பொத்தான் இருந்தால் யாராவது அமத்திப் பார்க்கத்தான் செய்வார்கள்.

காற்றோட்டத்துக்குத் துளை போட வேண்டுமா என்ற உமது கேள்வி மிகவும் நியாயமானது. படத்தில் சிறிய ரான்ஸ்போமரும், வோல்ற்றைக் குறைத்து நிலைப்படுத்தும் 7805உம் தெரிகின்றன. 12 வோல்ற் உள்ளே வந்து 5 வோல்ற் வெளியே போகும்போது, 100 மில்லி அம்பியருக்கு 0.7 வாற் வெப்பமாக வீணாகிறது. ரான்ஸ்போமர் சும்மா இருக்கும்போதும் சூடாகவே இருக்கும். இவற்றை மூடிய பெட்டிக்குள் வைத்தால் துளை போடத்தான் வேண்டும். துளை போட்டால் சிற்றெறும்பு வரும், றிலேக்குள் புகுந்து தொடுமுனைகளுக்கிடையில் நசுங்கும், பிறகு மின்குமிழ் எரியாது. இல்லாவிட்டால் பல்லி சூட்டுக்காக வந்து உயிர்க்கம்பிக்கும் நடுநிலைக்கும் குறுக்கே படுத்துக் கருகும். எனவே அந்த இரண்டையும் கழற்றிவிட்டு, நல்ல கைத்தொலைபேசிச் சார்ஜர் ஒன்றைச் சுவரிலேயே செருகி, அதன் 5 வோல்ற் வயரை மாத்திரம் பெட்டிக்குள் கொண்டுவாரும். மிஞ்சும் வெப்பம் சொற்பம்; துளையே தேவையில்லை.

உள்ளே அடுக்கும்போது 230 வோல்ற் பகுதி ஒரு பக்கம், 5 வோல்ற் பகுதி மறுபக்கம் என்று பிரித்து, நடுவில் பிளாஸ்ரிக் தகடொன்றை நிறுத்தும். இரண்டுக்கும் இடையில் எங்கேயும் 8 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். உயிர்க்கம்பி உள்ளே வந்தவுடன் பியூஸ் வர வேண்டும்; உமது 100 வாற் குமிழ் அரை அம்பியரைக்கூட இழுக்காது என்பதால் 1 அம்பியர் போதும். வயர்களைத் துளைக்குள் நுழைத்து முடிச்சுப் போடும் நமது பழைய வழக்கத்தை விட்டுவிடும். பிஜி7 என்னும் வயர்க் கழுத்துக்கு 12.5 மி.மீ. துளை வேண்டும், 3 முதல் 6.5 மி.மீ. வரை தடிப்புள்ள வயரை அது இறுக்கிப் பிடிக்கும், இழுத்தாலும் இணைப்பு கழராது.

தெளிந்த மூடி கிடைக்காவிட்டால் ஜன்னல் வெட்டியே ஆக வேண்டும். உமது திரையின் பலகை 80 × 36 மி.மீ.; ஆனால் வெட்ட வேண்டியது அதற்கல்ல, முன்னால் எழுந்து நிற்கும் உலோகச் சட்டத்துக்கு. மூடியில் காகித நாடாவை ஒட்டி அதன்மேல் கோடு கீறும்; அப்போது கோடும் தெளிவாகத் தெரியும், துரப்பணம் வழுக்கிப் பிளாஸ்ரிக்கைக் கீறவும் மாட்டாது. கோட்டுக்கு உள்ளே ஒரு மி.மீ. தள்ளி நெருக்கமாகச் சிறு துளைகளைப் போட்டு, இடையிலுள்ளவற்றைக் கத்தியால் அறுத்து நடுத்துண்டை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தட்டை அரத்தால் கோடு வரை ராவும். அடியில் மரக்கட்டை ஒன்றை வைத்து, துரப்பணத்தை மெதுவாகவே சுற்றும். வேகம் கூடினால் பிளாஸ்ரிக் வெட்டுப்படாமல் உருகி, அலகில் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ராவும்போது இடைக்கிடை திரையை வைத்துப் பாரும். தாராளமாக வெட்டிய ஜன்னலை ஒன்றாலும் சுருக்க முடியாது.

பெட்டியை அடைகாப்பானின் மேல் வைக்காமல் பக்கவாட்டில் மாட்டும். சூடும் ஈரமும் மேலேதான் ஏறும். எல்லா வயர்களும் அடிப்பக்கத்தால் நுழையட்டும்; நுழையுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறினால், வயர் வழியே ஓடிவரும் நீர்த்துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெப்பநிலையை அளக்கும் டிஎஸ்18பி20 உணரி முட்டைகளின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். அதன் வயரைக் குமிழுக்குப் போகும் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். அந்த உணரி அரைப் பாகை வரை கூடவோ குறையவோ காட்டக்கூடியது, ஆகவே எல்லாவற்றையும் பூட்டிய பிறகு காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை உள்ளே வைத்து இன்னொரு முறை ஒப்பிட்டுப் பாரும்.

பலகையின் நீளம், அகலம், அதிலுள்ள மிக உயரமான உறுப்பின் உயரம் ஆகிய மூன்றையும் மி.மீ. கணக்கில் அளந்து எழுதும். கஸ்தூரியார் வீதிப் பக்கம் போகும்போது பெட்டியையும் வயர்க் கழுத்துகளையும் வாங்கி, மன்னார் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். காசு அனுப்ப வேண்டாம். முதல் தொகுதிக் குஞ்சுகளில் பேடு எது சேவல் எதுவென்று தெரிந்த பிறகு, இரண்டு பேடுகளை எனக்கென்று ஒதுக்கி வையும்.

அன்புடன்,
உமது நண்பன்,
குலசேகரம்