உன் குடோனில் படுத்திருக்கும் பையனுக்காக

அன்புள்ள முருகேசா,

இங்கே நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது கேட்டு நிம்மதி. சுப்பையா அண்ணன் அந்தக் குழாய் ஸ்பீக்கரை இன்னும் விற்கவில்லை என்றால் இனி அவரை யாராலும் திருத்த முடியாது, விட்டுவிடு.

உன் வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முக்கால்வாசி புது ஆம்ப்ளிஃபையர் கதை. கடைசியில் போகிற போக்கில் உன் சவுண்ட் சர்வீஸில் வேலை பார்க்கும் பையனைப் பற்றிச் சொல்கிறாய். வீட்டில் அவன் போனைப் பார்த்து, ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்துகொண்டார்கள், அடித்துத் துரத்திவிட்டார்கள், உன் குடோனில் பாக்ஸ்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருக்கிறான். "உன்னை மாதிரிதான் மக்கா அவனும், நான் என்ன செய்யணும், சொல்லு" என்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நடுவில் லாரிக்காரனோடு சண்டைக்குப் போய்விடுவாய். எழுதினால் உட்கார்ந்து படிப்பாய்.

பையனிடம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே சிகாகோவில், சவுத் ஜெஃபர்சன் தெரு 206. மூன்று மாடி, வெளியே நின்று பார்த்தால் விசேஷமாக ஒன்றும் தெரியாது. 1977-இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் இதில் 'வேர்ஹவுஸ்' என்று ஒரு நடனக் கூடம் நடத்தினார். நியூயார்க்கிலிருந்து டீஜேயாக அழைத்து வந்த பிராங்கி நக்கிள்ஸுக்கு அப்போது 22 வயது. ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் 'கே' பையன்கள், என்னைப் போல ஆண்களை விரும்புகிறவர்கள். கே பார்களிலேயே கறுப்பர் வந்தால் வாசலில் நிறுத்தி இரண்டு மூன்று அடையாள அட்டை கேட்ட காலம் அது. வெளியிலும் இடமில்லை, தங்கள் ஆட்களிடமும் இடமில்லை என்றிருந்தவர்கள் சனிக்கிழமை இரவு உள்ளே போனால் ஞாயிறு மதியம்தான் வெளியே வருவார்கள். மது கிடையாது, ஜூஸும் தண்ணீரும்தான். பிராங்கி திடீரென்று எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, இருட்டில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் கூடத்துக்குள் பாய்ந்து வருகிற சத்தத்தை ஓடவிடுவாராம். ரயில் ஒரு சுவரில் நுழைந்து இன்னொரு சுவர் வழியாகப் போகும், கூட்டம் அலறும். உனக்கு இதைக் கேட்டதும் கை பரபரக்கும் என்று தெரியும். தயவுசெய்து கோயில் கொடையில் செய்து பார்க்காதே, பெரியவர்கள் இருக்கும் இடம்.

பழைய டிஸ்கோ பாட்டுகளை டேப்பில் வெட்டி ஒட்டி, ஆடத் தோதான இடத்தை மட்டும் நீட்டிப் போடுவார். பிறகு டிரம் மெஷினையும் சேர்த்தார். உலகம் முழுக்க இன்று 'ஹவுஸ்' என்று ஒரு நடன இசை போடுகிறார்களே, அதற்குப் பெயர் கொடுத்தது இந்தக் கட்டடம்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து ரீமிக்ஸ் கேட்கும்போது நீ போடும் அந்த விடாத 'டும் டும்' இருக்கிறதே, அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இந்த மாதிரிக் கூடங்களுக்குத்தான் வந்து சேர்வாய். அதைக் காப்பாற்றி வைத்தவர்கள் உன் குடோனில் படுத்திருப்பவனைப் போன்ற பையன்கள்.

ஆனால் இதே ஊரில்தான் 1979 ஜூலை 12 அன்று காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். ஒரு தட்டு கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். ஏறக்குறைய 50,000 பேர் திரண்டார்கள். வெடித்ததும் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது, அடுத்த ஆட்டத்தை நடத்தவே முடியவில்லை. அவர்கள் வெறுத்தது பாட்டை மட்டும் இல்லை, அதற்கு ஆடியவர்களையும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வார சனிக்கிழமையும் வேர்ஹவுஸில் ஆட்டம் நடந்திருக்கும்.

இனி உனக்கென்றே ஒரு ஆள். லாரி லெவன். பிராங்கியின் சிறுவயதுச் சிநேகிதன். வில்லியம்ஸ் முதலில் சிகாகோவுக்குக் கூப்பிட்டது லாரியைத்தான், அவர் வர மறுத்ததால்தான் பிராங்கி வந்தார். லாரி நியூயார்க்கிலேயே இருந்து, கிங் தெருவில் 'பாரடைஸ் கராஜ்' என்ற இடத்தை ஆண்டார். நிஜமாகவே கார் நிறுத்தும் இடமாக இருந்த கட்டடம். ஒலி அமைப்பு ரிச்சர்ட் லாங் என்பவருடையது, இன்றும் ஒலிக்காரர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் செய்த பேஸ் ஹார்னுக்கு 'லெவன் ஹார்ன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. லாரி சும்மா தட்டு மாற்றுகிறவர் இல்லை. பாக்ஸைத் திருப்புவார், இடம் மாற்றுவார். சில இரவு பாட்டையே நிறுத்திவிட்டு ஏணி போட்டு ஏறி, மேலே தொங்கும் கண்ணாடிப் பந்தைத் துடைப்பாராம், அத்தனை பேரும் காத்துக் கிடப்பார்களாம். செட்டுப் போட்டு முடித்த பிறகும் நீ ஸ்குரூ டிரைவரோடு சுற்றிக்கொண்டே இருப்பாயே, அது எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த ஆடுதளத்துக்குத்தான் சாவும் வந்தது. எய்ட்ஸ். ஆரம்பத்தில் அதற்கு அந்தப் பெயர்கூட இல்லை. அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. நோயாளிகளுக்கு உதவ 'கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ்' என்ற அமைப்பை 1982-இல் ஆரம்பித்தபோது, அவர்களுடைய முதல் நிதி திரட்டும் விழா அதே வருஷம் ஏப்ரலில் பாரடைஸ் கராஜில்தான் நடந்தது. ஆடிய இடத்திலேயே மருந்துக்கும் கவனிப்புக்கும் காசு சேர்த்தார்கள். 1987-இல் கராஜ் மூடியது. உரிமையாளர் மைக்கேல் பிராடி அந்த வருஷமே எய்ட்ஸில் இறந்தார். லாரி 1992-இல், 38 வயதில். போன வாரம் ஆடியவன் இந்த வாரம் இல்லை என்ற நிலையிலும் ஆட வந்தவர்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கேளிக்கை என்ற ஒரு சொல்லில் அதை ஒதுக்கிவிட முடியாது மக்கா.

சமீபத்தில் நானும் போனேன். கிளார்க் தெருவில் 'ஸ்மார்ட்பார்' என்று ஒரு நிலவறை கிளப். 1982-இலிருந்து இருக்கிறது, பிராங்கியும் அங்கே வாசித்திருக்கிறார். ஞாயிறு இரவுகளில் 'குயீன்!' என்று ஒரு பார்ட்டி. உள்ளே இருட்டு, வியர்வை, மடக்கு விசிறிகளைச் சடார் சடார் என்று விரிக்கும் சத்தம். அறுபது வயது இருக்கும், ஒரு கறுப்பினப் பெரியவர், தோளில் துண்டு. சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா எடுத்துத் தரையில் கொஞ்சம் பவுடர் தூவினார், நாம் கேரம் போர்டில் தூவுவோமே, அதே மாதிரி. அப்புறம் அதன்மேல் வழுக்கி வழுக்கி ஆடினார் பார், கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. நான் சுவரோரமாக நின்றேன். என்னைப் பார்த்துத் தள்ளி நின்று இடம் விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் விடியும்வரை ஆடினேன், முருகேசா. யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் ஆடினேன்.

எங்களைப் போன்றவர்கள் கூடும் இப்படிப்பட்ட இடங்கள் குறைந்துகொண்டே போவதுதான் என் கவலை. லண்டனில் 2006-இல் 125 இருந்தவை 2017-இல் 53 ஆகிவிட்டன. வாடகை, புதுக் கட்டடங்கள், எல்லாரும் போனிலேயே சந்திப்பது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இங்கே 'பெர்லின்' என்ற கிளப் 40 வருஷம் நடந்து 2023-இல் மூடியது. அதே வருஷம் வேர்ஹவுஸ் கட்டடத்தை நகரசபை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்ததில் ஒரு ஆறுதல். சில ஊர்களில் ஆடுவதே ஆபத்து. கெய்ரோவில் 2001-இல் நைல் நதியில் மிதந்த 'குயீன் போட்' என்ற கிளப்பில் போலீஸ் புகுந்தது, 52 பேரை வழக்கில் நிறுத்தினார்கள். ஜார்ஜியாவின் திபிலிசியில் 2018-இல் 'பாசியானி' கிளப்பில் ஆயுதத்தோடு போலீஸ் நுழைந்ததும், ஆயிரக்கணக்கானவர்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் போய் ஸ்பீக்கர் வைத்து ஆடினார்கள். ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுத்தவன் யாரோ, அவனைக் கும்பிடத் தோன்றியது.

சரி, பையன். அவன் மேஜர். 2018 செப்டம்பர் 6-க்குப் பிறகு அவன் இப்படி இருப்பது குற்றம் இல்லை, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாளைக்கு அவன் அப்பா ஆள் கூட்டிக்கொண்டு வரலாம், "டாக்டரிடம் காட்டிச் சரிபண்ணுகிறோம்" என்பார்கள். அனுப்பாதே. 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் கொடுத்த உத்தரவு அப்படி 'குணப்படுத்தும்' வேலையையே தடை செய்கிறது. வழக்குப் போட்டவர்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள். காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தாலும், மேஜரானவர்கள் விருப்பப்பட்டுத்தான் போனார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அந்த உத்தரவை அச்செடுத்துக் கல்லாப் பெட்டியில் வைத்துக்கொள். சென்னையில் 'ஓரினம்' என்று ஒரு குழு இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள், அவனைப் பேசச் சொல்.

குடோனில் ஃபேன் போடு, தாழ்ப்பாளை உள்பக்கமாக வை. சம்பளத்தை அவன் கையிலேயே கொடு. மற்ற பையன்கள் கிண்டல் செய்தால் நீ ஒரு தடவை முறைத்தால் போதும், அந்த முறைப்பு எனக்குத் தெரியும். எனக்கு அந்த வயதில் உன் வீட்டு மொட்டைமாடி இருந்தது. ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அவனிடமும் கேட்காதே. ஆவணிக் கொடைக்கு அவனைச் சவுண்ட் மிக்சரில் உட்கார வை.

என் நம்பரை அவனிடம் கொடு. நம் ஊர் இரவு ஒன்பதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடட்டும், இங்கே அப்போது காலை. புது ஆம்ப்ளிஃபையரில் எந்த சப்-வூஃபரை ஓட்டப் போகிறாய் என்றும் எழுது, நீ சொன்ன வாட் கணக்கு எனக்கு உதைக்கிறது.

அன்புடன்,
சேகர்