தொப்பை பெல்ட்டும் என் வயிற்று மேடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தொப்பை பெல்ட் பற்றி முழுப் பக்கம் வந்திருந்தது. சூட்டில் கொழுப்பு உருகி வியர்வையாக வெளியேறிவிடுமாம். முப்பத்தொரு வருடம் பிளஸ் டூ விலங்கியல் நடத்தியவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

கொழுப்பு செல்லுக்குள் இருப்பது ஒரு பெரிய எண்ணெய்த் துளி. பெரிலிபின் என்ற புரதம் அதைச் சுற்றிக் காவல் நிற்கிறது. பட்டினி கிடந்தாலோ ஓடினாலோ அட்ரினலின் வகையறா வந்து செல்லின் வாசலைத் தட்டும். உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருள் பெருகும், காவல் தளரும், லைப்பேஸ் நொதிகள் துளியைக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் உடைக்கும். அந்த அமிலம் ரத்தத்தில் போய்த் தசையில் எரியும். வியர்வைக்கு இதில் வேலையே இல்லை. இன்சுலின் வந்தாலோ, அந்தச் சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைத்து உடைப்பையே நிறுத்திவிடும்.

இதற்கு என் வயிறே சாட்சி. பன்னிரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். தொப்புளுக்கு இடப்பக்கம் குத்தினால் வலிக்காது என்று தினமும் அங்கேயே குத்தினேன். எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்று ஒரு மேடு எழும்பியது. சர்க்கரையோ ஒரு நாள் 90, மறுநாள் 280. பரிசோதிக்க வந்த நர்ஸம்மா தடவிப் பார்த்துவிட்டு, "ஒரே இடத்துலயா சார் போடுறீங்க?" என்றார். இன்சுலின் விழுந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துகொண்டே போயிருக்கிறது! பாடம் நடத்தியவனுக்கே இது உறைக்கவில்லை. இடத்தை மாற்றியதும் மருந்து ஒழுங்காக ஏறியது, டாக்டர் அளவைக் குறைத்தார். (நீங்களாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம்.)

இன்னொரு சங்கதியும் உண்டு. கொழுப்பு செல் தானே புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளைச் சுரக்கிறது. ஹார்மோன் மாதிரிதான், ஆனால் ஊர் சுற்றாது. சுரந்த இடத்திலேயே கொழுப்பு உடைவதைத் தடுத்துவிட்டு மறைந்துவிடும். அதைச் சுரக்க உதவும் ஒரு நொதி இல்லாத எலிகளை 2009-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஆராய்ந்திருக்கிறார்கள். கொழுப்புத் தீனி தின்றும் அவை பருக்கவில்லை. இதோடு நிறுத்தினால் நாளைக்கே ஒரு மாத்திரை விளம்பரம் வந்துவிடும். அந்த எலிகளின் ஈரலில் கொழுப்பு படிந்தது, இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை. உடைத்த கொழுப்பு எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்?

உங்கள் பெல்ட் பக்கத்தின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் 'விளம்பரம்' என்றிருந்ததை என் பேத்திதான் கண்டுபிடித்தாள். அடுத்த முறை அதைத் தலைப்பு எழுத்தின் அளவிலேயே போடுங்கள். என் மைத்துனர் ஏற்கெனவே ஒரு பெல்ட் வாங்கிவிட்டார். இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடுக்க நன்றாகத்தான் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி.