இருமுற ஆட்டுக்கு பென்சிலின் வேலை செய்யாம போறது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஆட்டு நோய் பத்தி எழுதுறப்ப பிபிஆர்ங்கிற ஆட்டுக்கொல்லி நோய், கோமாரியோட முடிச்சிடுறீங்க, ஆட்டுக்கு இருமலும் நுரையீரல் நோயும் கொண்டுவர்ற மைக்கோபிளாஸ்மாங்கிற கிருமி பத்தி ஒரு வரி கூட வர்றதில்ல, ரொம்ப வருத்தமா இருக்கு. இந்த பாக்டீரியாவுக்கு செல் சுவரே கிடையாது, பென்சிலின் அந்த சுவர் கட்டுறதைத் தடுத்துதான் கிருமியக் கொல்லும், சுவரே இல்லாதப்ப அது என்ன பண்ணும்? ஆனா இருமல்னதும் பல பேர் மொதல்ல போடுறது அந்த ஊசியத்தான்.

இதுல ரொம்ப மோசமானது மைக்கோபிளாஸ்மா கேப்ரிகோலம் கேப்ரிநியூமோனியேங்கிற வகை, 1976ல கென்யாவுல மொதல்ல பிரிச்செடுத்தாங்க. காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸ் தாண்டும், ஆடு கழுத்த நீட்டி முன்னங்கால அகட்டி வச்சுக்கிட்டு மூச்சுக்குத் திணறும், செத்தத அறுத்துப் பாத்தா பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரல் மட்டும் கெட்டியாகி நெஞ்சுக்குள்ள வைக்கோல் நிறத்துல தண்ணி நிக்கும், பாக்கவே மனசு கேக்காது. டெட்ராசைக்ளின், டைலோசின் மாதிரி மருந்த கால்நடை டாக்டர் சொல்லி ஆரம்பத்துலயே குடுத்தா பொழைக்க வாய்ப்பிருக்கு, ஆனா தேறின ஆடும் கிருமிய சுமக்கலாம்.

வாங்கின புது ஆட்ட தனியா கட்டி வச்சு பாத்துட்டு மந்தையில சேக்குறது எப்படின்னு ஒரு டாக்டர்கிட்ட கேட்டு விவரமா ஒரு கட்டுரை போடுங்க.

இப்படிக்கு,
ஆடு வளக்குற ஒரு வாசகர்